விருந்தாளிப் பல்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உடம்பைப் பற்றித்தான் கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். இரண்டு வரி பொறு, கேட்கிறேன். எனக்கு முன்பல் மேசை கிடைத்துவிட்டது. காலையிலிருந்து தலைகால் புரியவில்லை.

நாலு வருஷமாகக் கடைவாய்ப்பல் மேசையில் உட்கார்ந்து, எவர் கண்ணிலும் படாத பீங்கான் பற்களைச் செய்துகொண்டிருந்தவள் நான். இன்று எங்கள் லேபின் தலைமை அம்மா (கண்ணிலிருந்து லென்ஸைக் கழற்றவே மாட்டார், அதனால் பூதக்கண்ணாடி என்று பெயர்) என் டப்பாக்களை அவரே தூக்கிவந்து ஜன்னலோர மேசையில் வைத்தார். "கடைவாயில தப்பு பண்ணினா அவங்க நாக்குக்கு மட்டும்தான் தெரியும். முன்பல்லுல தப்பு பண்ணினா எதிர்ல நிக்கிற எல்லாருக்கும் தெரியும். பாத்துக்க" என்றார்.

இந்த மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. சரியில்லை என்று திரும்பி வரும் பல்லை மெழுகில் பதித்து, செய்தவரின் விளக்கடியிலேயே வைத்துவிடுவார்கள். ஒரே ஆளுக்குச் செய்தது நாலு தடவை திரும்பினால் மூட்டை கட்டிக்கொண்டு கடைவாய்க்கே போய்விட வேண்டும். நான் போகமாட்டேன்.

முதல் வேலையும் வந்துவிட்டது. எண் 63. மேல்வரிசை, இடப்பக்க முன்பல். ஏதோ வெளியூர் கிளினிக், எந்த ஊர் என்பது ஆபீஸுக்குத்தான் தெரியும். உனக்குத்தான் தெரியுமே, எங்களுக்கு ஆள் யார், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. மேல்வாய், கீழ்வாய் அச்சு இரண்டும் ஒரு சீட்டும் மட்டும் பெட்டியில் வரும். பீங்கான் மாவை ஆறு தடவை பூசிப் பூசிச் சுட்டேன். முடித்துப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருந்தது.

இப்போது கேட்கிறேன்: உடம்பு எப்படி? மாமாவின் கப்பல் எந்தக் கடலில் இருக்கிறது? நீ இன்னமும் நூலைப் பல்லால்தான் அறுக்கிறாயா? பல் என்ன கத்தரியா?

உன் வாலு

*

மார்ச் 12

என் வாலுக்கு,

அக்கா எழுதுவது. குளிர்ச் சளி போய்விட்டது, முதுகுவலி வழக்கம்போல் என்னோடு குடித்தனம் நடத்துகிறது. மாமா நடுக்கடலில் நாற்பது பேருக்குச் சமைத்துக்கொண்டு சௌக்கியம்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்துவிட்டேன். கட்டிங் மாஸ்டரிடம் "என் தங்கச்சி முன்பல்லுக்கு வந்துட்டா" என்றேன். அவர் ஏதோ பெரிய பதவி என்று நினைத்துக் கைகொடுத்தார். நானும் திருத்தவில்லை. பெரிய பதவிதானே.

இங்கே பேண்ட் வாத்தியக்காரர்களுக்கு நாற்பது கோட்டு. கோட்டுக்குப் பதினாறு பித்தளைப் பொத்தான், எல்லாம் கைத்தையல், எல்லாம் என் தலையில். வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்கிறது. வயசாகிறது என்று வைத்துக்கொள்.

நூலைக் கத்தரியால்தான் வெட்டுகிறேன். நம்பு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கண்ணுக்கு ஓய்வு கொடு.

அக்கா

*

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கத்தரியைத் தொட்டாய் என்பதை நான் நம்பவில்லை, ஆனால் சண்டை போட நேரமில்லை. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் மூக்குக்கு மேல் ஏறி நிற்கிறது.

63 திரும்பி வந்துவிட்டது.

அளவில் குறையா? இல்லை. நிறமா? இல்லை. சீட்டில் டாக்டர் இப்படி எழுதியிருக்கிறார்: "இந்த அம்மா சொன்னது அப்படியே: பல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது."

ஆள் பெண் என்று தெரிந்தது, அதுதான் லாபம். விருந்தாளியாம். என் பல்லை நாற்காலியில் உட்கார வைத்துக் காபியா கொடுத்தாள்? அழகாயிருக்கிறது என்று ஒத்துக்கொண்ட பிறகு அப்புறம் என்ன? மாப்பிள்ளை நல்ல பையன்தான், ஆனால் மனசுக்குப் பிடிக்கலை என்கிற கதை. இந்த மகாராணி மட்டும் என் கையில் கிடைத்தால் முப்பத்திரண்டையும் எண்ணிவிடுவேன்.

முதல் பல் மெழுகில் ஏறி என் விளக்கடியில் உட்கார்ந்துவிட்டது. கடைவாய் மேசைக்காரர் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் ஆறு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் விடப்போவதில்லை. நிறத்தில் ஒரு சாயல் குறைத்து, விளிம்பில் லேசாகக் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும்படி மறுபடி செய்கிறேன். அதைப் பார்த்து அவள் வாயடைத்துப் போக வேண்டும்.

முதுகுக்கு ஒத்தடம் கொடு.

உன் வாலு

*

ஏப்ரல் 6

கடலில் வெந்துகொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் சுகமா? கை சுட்டுக்கொள்ளாமல் இருக்கிறீர்களா? நான் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன், திட்டாமல் படியுங்கள்.

பிப்ரவரியில் ஒரு கோட்டின் ஜிப் சிக்கிக்கொண்டது. இரண்டு கையிலும் துணி. பல்லால் பிடித்து இழுத்தேன். ஜிப் வரவில்லை, முன்பல் வந்துவிட்டது. பாதி. சத்தம் கேட்டு மாஸ்டர் பொத்தான்தான் தெறித்தது என்று தரையில் தேடினார், பாவம். வாலுவிடம் எப்படிச் சொல்வது? பல் என்ன கத்தரியா என்று பத்து வருஷமாகத் திட்டுகிறவள். டாக்டரிடம் போனேன், எங்கோ வெளியூரில் செய்து வரும் என்றார், சரி என்று வாயைத் திறந்துவிட்டு வந்தேன்.

இப்போது அவள் கடிதம் வருகிறது. மேல்வரிசை, இடப்பக்க முன்பல், திரும்பி வந்துவிட்டது என்று. சீட்டில் இருந்ததாக அவள் எழுதியிருக்கும் வாக்கியம் நான் டாக்டரிடம் சொன்னது, ஓர் எழுத்து மாறாமல். அந்த மகாராணி நான்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தற்காலிகப் பல் தெறித்துவிடுமோ என்று கையால் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சிரித்து முடித்தபின்தான் விஷயம் உறைத்தது. அந்தப் பல்லைக் கண்ணாடியில் பார்த்தால் அழகு. ஆனால் டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் நூலை வைத்துப் பார்த்தேன், வழுக்கியது. இருபத்திரண்டு வருஷம் இந்தப் பல்லில் நூல் அறுத்தவள் நான். கத்தரியை எடுத்து, வெட்டி, வைப்பதற்குள் கையின் ஓட்டமே விட்டுப்போகிறது. ஒரு நாளில் தைத்த பொத்தானில் பாதிகூட இப்போது முடியவில்லை. டாக்டரிடம் நூல் கடிக்கத்தான் பல் வேண்டும் என்று சொன்னால் வெளியே தள்ளுவார்.

வாலுவிடம் நான்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் பதறுவாள், பாசத்தில் இன்னும் பளபளப்பாகச் செய்து அனுப்புவாள், நானும் பேசாமல் போட்டுக்கொள்வேன். யாரோ ஒருத்திக்கு என்று நினைத்துச் சரியாகச் செய்தால்தான் அது அவள் வேலை. ஆனால் நாலு தடவை திரும்பினால் அவள் மேசை போய்விடும். என்ன செய்ய, சொல்லுங்கள்.

உங்கள் பல் போனவள்

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதி மூன்று வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரிதானே? பொத்தான்களுக்குள் புதைந்துவிட்டாயா?

இரண்டாவதும் திரும்பிவிட்டது. சீட்டில்: "நிறம் பிரமாதம். கூப்பிட்டால்தான் வரமாட்டேன் என்கிறது." பல்லைக் கூப்பிடுகிறாளாம். அக்கா, இவள் கவிதை எழுதுகிறவளோ?

பூதக்கண்ணாடி இரண்டையும் மெழுகோடு தூக்கி லென்ஸ் வழியாகப் பார்த்தார். "குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றார். அதைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்வதற்குள், "ஆனா அவ போட்டுக்கலையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் புரியவில்லை. குறையில்லாமல் செய்வதுதானே கெட்டிக்காரத்தனம்? அதற்கு மேல் ஒருத்தி என்ன கேட்க முடியும்?

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் வாலு

*

ஏப்ரல் 27

அருமை வாலுக்கு,

கொஞ்சம் பல்வலி, அதனால்தான் எழுதவில்லை. இப்போது தேவலை. பெரிதாக ஒன்றுமில்லை, விசாரிக்காதே.

63-ஐ ரொம்பத் திட்டாதே. ஒவ்வொரு தடவையும் கிளினிக் படியேறி வாயைப் பிளந்துகொண்டு உட்காருவது அவளுக்கு மட்டும் இனிக்கவா செய்யும்? சும்மா திருப்பி அனுப்புகிறவளாக எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரியாது, தோன்றியதைச் சொன்னேன்.

நீ செய்வாய்.

அக்கா

*

மே 2

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

கப்பல் ஆடுகிறது, அதனால் கையெழுத்தும் ஆடும். நான் சௌக்கியம். எண்ணெய் தெறித்ததில் ஒரு விரல் மட்டும் சௌக்கியமில்லை.

ஜிப்பைப் பல்லால் இழுத்ததற்கு வீட்டுக்கு வந்து திட்டுகிறேன். இப்போது வேலை விஷயம். உப்பு கம்மி என்று ஒருத்தன் சொன்னால் போடுவேன். காரம் ஜாஸ்தி என்றால் குறைப்பேன். ‘என்னமோ குறையுது’ என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போகிறவன் மேல்தான் எனக்குக் கரண்டியை வீசத் தோன்றும். நீ அந்தப் பிள்ளைக்கு அதைத்தான் செய்கிறாய். பெயரைச் சொல்ல வேண்டாம், சரி. எதற்குப் பல் வேண்டும் என்றாவது சொல்லித் தொலை.

அடுத்ததையும் நீ திருப்பி அனுப்புவாய் என்று எனக்குத் தெரியும். உன்னோடு பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்

*

மே 18

அக்கா,

நலமா, நலம், எல்லாம் நலம். உட்கார்ந்து படி. தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

மூன்றாவதும் திரும்பி வந்தது. மூன்று பல்லும் வரிசையாக விளக்கடியில் என்னைப் பார்த்து இளித்தன. பூதக்கண்ணாடி கடைவாய் மேசையில் எனக்கு ஓர் இடத்தைத் துடைத்து வைக்கச் சொன்னார், என் காதுபடவே. நான் கழிவறைக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்து சீட்டைப் படித்தேன். "மூன்றிலும் இதுதான் நல்ல பல். ஆனால் எனக்கு உதவாத நல்ல பல்."

உதவாத. அந்த ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். முன்பல் எதற்கு உதவும்? கடைவாய்ப்பல் மெல்லும். முன்பல் சிரிக்க, பேச, ஒரு ரொட்டியைக் கடிக்க. இந்த மூன்றுக்கும் என் பல் போதும். அப்படியென்றால் இவள் நாலாவதாக எதையோ செய்கிறாள்.

இரண்டரை மாதமாக நான் மேல்வாய் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்துப் பல்லோடு பொருந்துகிறதா என்று. கீழ்வாய் அச்சு பெட்டியிலேயே கிடந்தது. அதை எடுத்து, பூதக்கண்ணாடியிடம் லென்ஸை இரவல் வாங்கிப் பார்த்தேன் (கழற்றிக் கொடுத்தார், லேபே திரும்பிப் பார்த்தது). கீழ்ப்பல்லின் விளிம்பில் ஒரு பள்ளம். தலைமுடி அகலம். ஒரே இடம், ஒரே சாய்வு, வருஷக்கணக்காகத் தேய்ந்த பள்ளம்.

நூல். அக்கா, இவள் உன்னை மாதிரித் தையல்காரி. அந்தப் பல்லால் நூல் அறுக்கிறவள். என் வழவழப்பான விளிம்பில் நூல் நிற்காது. நான் அவளுக்குச் சிரிக்கப் பல் செய்து கொடுத்திருக்கிறேன், அவள் கேட்டது வேலை செய்ய. லேபில் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன், எனக்கு நானே.

இப்போது உன் உதவி வேண்டும். உன்னைத் திட்டிய திட்டையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நூலை எந்த மூலையில் வைப்பாய்? தாடையை எப்படி நகர்த்துவாய்? கண்ணாடி முன் நின்று கடித்துப் பார்த்து, பெரிதாக வரைந்து அனுப்பு. உடனே. இது கடைசிப் பல்.

வாலு

*

மே 25

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், உட்காரத் தோன்றவில்லை. எனக்கு ஒரு குறையுமில்லை.

வரைந்திருக்கிறேன், பின்னால் இருக்கிறது. நூலை முன்பல்லின் நட்டநடுவில் வைப்பதில்லை. உள்மூலையிலிருந்து ஓர் அரிசி அகலம் தள்ளி. கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவந்து, விளிம்போடு விளிம்பு முட்டியதும், இடப்பக்கமாக ஒரு சின்னத் திருகல். இழுக்கக் கூடாது. இழுத்தால் தையல் சுருங்கும். திருகினால் டக்கென்று விடும், ஊசி கையில் அப்படியே இருக்கும், அடுத்த பொத்தானுக்குப் போய்விடலாம்.

இது பொதுவாகச் சொல்வது. தையல்காரிகள் எல்லோருமே ஏறக்குறைய இப்படித்தான்.

அக்கா

*

ஜூன் 21

வாலு, வாலு, வாலு,

நீ எப்படி இருக்கிறாய்? நான்கு வாரமாக ஏன் மௌனம்? மேசை போய்விட்டதோ என்று தினமும் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எது எப்படியானாலும் இதைப் படி.

63 நான்தான்.

ஜிப்பை இழுத்து உடைத்துக்கொண்டேன். உன் வசவுக்குப் பயந்து சொல்லவில்லை. நீதான் செய்கிறாய் என்று தெரிந்த பிறகும் சொல்லவில்லை, அது வேறு காரணம், நேரில் சொல்கிறேன். மூன்று தடவையும் திருப்பி அனுப்பிவிட்டு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். நாலாவதை என்ன ஆனாலும் ஒத்துக்கொள்வது என்று முடிவு செய்துதான் நேற்று கிளினிக்குக்குப் போனேன். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். பொய் சொல்லத் தயாராகப் போனவள் நான்.

டாக்டர் பல்லை வைத்துவிட்டுக் கண்ணாடியை நீட்டினார். நான் கண்ணாடியை வாங்காமல் பையிலிருந்து நூலை எடுத்தேன். "என்னம்மா பண்றீங்க?" என்றார். வைத்தேன். திருகினேன். டக்.

அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாகிறது தெரியுமா? இன்னொரு நூல். டக். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அழுதுகொண்டே அறுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் முகம் பார்க்கவே மறந்து கடைக்கு ஓடினேன். மாலைக்குள் மூன்று கோட்டு முடித்தேன். மாஸ்டர் என் முகத்தை அரைமணி நேரம் பார்த்தார். "என்ன, இன்னைக்கு வேகமா இருக்கே" என்றாரே தவிர, பல்லை அவர் கவனிக்கவே இல்லை.

நீ கெட்டிக்காரி. பாசத்தில் சொல்லவில்லை, வாடிக்கைக்காரியாகச் சொல்கிறேன்.

63

*

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் பல் எப்படி இருக்கிறது என்று முறையாகக் கேட்கிறேன்.

எனக்குத் தெரியும். உன் படம் வந்த அன்றே தெரிந்துவிட்டது. நீ சொன்ன மூலையை அச்சில் அளந்தேன். ஓர் அரிசி அகலம், கீழ்ப்பல்லின் பள்ளத்துக்கு நேர் மேலே. பொதுவாகச் சொன்னது இவ்வளவு துல்லியமாக விழாது. உனக்கு வந்த பல்வலியும், 63-க்காக நீ பேசிய நியாயமும், அந்தச் சீட்டுகளில் இருந்த பேச்சும் ஒவ்வொன்றாக வந்து எதிரில் நின்றன. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரை நாள் ஒரு வேலையும் செய்யவில்லை. எடுத்த முதல் மாவையே கொட்டிவிட்டேன்.

அப்புறம் உன் கடிதங்களையெல்லாம் டிராயரில் போட்டுப் பூட்டினேன். இது 63, தையல்காரி, வேலைக்குப் பல் கேட்கிறாள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு செய்தேன். நீ ஏன் சொல்லாமல் இருந்தாய் என்று அப்போதுதான் புரிந்தது. விளிம்பில் அந்தப் பள்ளத்தை இறக்கியதும் பூதக்கண்ணாடி சத்தம் போட்டார். "நல்ல பல்லைக் கெடுத்து வச்சிருக்க. இது நம்ம லேப் பேர்ல போகாது." போகும் என்றேன். திரும்பி வந்தால் கடைவாய்க்கு இல்லை, வீட்டுக்கே போகிறேன் என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. பெட்டியை நானே தபாலில் சேர்த்தேன். அதன்பின் உனக்கு எழுதினால் உளறிவிடுவேன் என்று பயந்துதான் எழுதவில்லை.

பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று, பெட்டி வரவில்லை. நேற்று பூதக்கண்ணாடி வந்து மூன்று பல்லையும் மெழுகோடு எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, "அந்த நாலாவது மாதிரி இன்னொண்ணு செஞ்சு காட்டு, நானும் பாக்கறேன்" என்றார். முடியாது என்றேன். அது ஒரே ஒரு வாய்க்குத்தான் சரிவரும். "சரி, உக்காரு" என்றார். எந்த மேசை என்று நான் கேட்கவில்லை. ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவள் நான். குதித்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் ஒன்று உறுத்துகிறது. மூன்று மாதம் உன் வாயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்து, மகாராணி என்று திட்டிக்கொண்டிருந்தேன். அடையாளம் தெரியவில்லை. ஒரு தலைமுடி அகலப் பள்ளத்தைக் கண்டுபிடித்த எனக்கு, சொந்த அக்காவைத் தெரியவில்லை. நூலைப் பல்லால் அறுக்காதே என்று பத்து வருஷம் சொன்னேனே தவிர, நீ எப்படி அறுக்கிறாய் என்று ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

பதினான்காம் தேதி வருகிறேன். நாலு நாள் லீவு. எனக்காக நீ லீவு போடாதே, சமைக்காதே, ஊர் சுற்றிக் காட்டாதே. கடையில் உன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுவை. நீ தைத்துக்கொண்டிரு. நான் பேசாமல் உட்கார்ந்து பார்க்கிறேன்.

உன் தங்கை